வாய்வு என்று சொன்னாலும் வண்டி வரும்

அந்த டாக்டரம்மாவுக்கு வைத்தியம் தெரியாது என்றுதான் நான் முதலில் நம்பினேன். சும்மா நம்பவில்லை. ஷூ கம்பெனியில் எங்கள் செக்கிங் டேபிள் முழுக்கச் சொல்லி, டீக்கடையில் சொல்லி, ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலையில் இருக்கும் மச்சானுக்கு போன் போட்டுச் சொல்லி, ஒரு கட்சி ஆரம்பிக்கிற அளவுக்கு நம்பினேன்.

காரணம் இருந்தது. அன்றைக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

"என்ன பண்ணுது?"

"மார்ல திக்கு திக்குன்னுது மேடம். ஒரே கப்ராவா இருக்குது."

அவர் தலையைச் சாய்த்துக்கொண்டார். "கப்ரான்னா என்ன?"

சாகப்போகிறவனிடம் டாக்டர் கேட்கிற கேள்வியா இது? கப்ரா என்றால் கப்ராதான். உள்ளே ஏதோ பதறும், உள்ளங்கை ஈரமாகும், யாராவது பக்கத்தில் இருந்தால் தேவலை என்று தோன்றும். ஆம்பூரில் உருது பேசுகிறவருக்கும் தமிழ் பேசுகிறவருக்கும் பொதுச் சொத்து அந்த வார்த்தை. இவர் தெற்கத்திக்காரர். நாகர்கோவில் பக்கம் கப்ரா கிடையாது போலிருக்கிறது, கொடுத்துவைத்த ஜனங்கள்.

"கப்ரான்னா... கப்ராதான் மேடம்."

"சரி. அதே வார்த்தையில இன்னொரு தடவை சொல்லுங்க" என்று பக்கத்தில் இருந்த லேப்டாப்பில் தட்டினார். எட்டிப் பார்த்தேன். திரையில் தமிழில் 'கப்ரா' என்று இருந்தது. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. என் வியாதிக்கு முன்னாலேயே நான் பாதி செத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மல்லிகாவிடம் சொன்னேன். "அந்தம்மாக்கு ஒண்ணும் தெரியல. இன்னா வியாதின்னு என்னையே கேக்குது. கம்ப்யூட்டர்ல பாத்து பாத்து வைத்தியம் பண்ணுது."

"அப்ப ஃபீஸை நீங்க வாங்கினு வந்திருக்கலாமே" என்றாள் என் மனைவி. குடியாத்தத்துப் பெண். லுங்கி நெய்கிற வீட்டில் பிறந்தவள். நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிற பரம்பரை. நான் அப்படியில்லை. நாள் முழுக்க ஷூவின் மேல்பாகத்தில் எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே தோல் சுருங்கியிருக்கிறது என்று குறை தேடுகிற உத்தியோகம். சாயங்காலம் ஆனால் அந்தக் கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது? என் உடம்பின் மேல் வைப்பேன். தினமும் ஏதாவது ஒன்று ரிஜெக்ட் ஆகும்.

அந்த முதல் நாள் நான் பாதிக் கதையைத்தான் ஊருக்குச் சொன்னேன். மீதியைச் சொன்னால் கட்சி கலைந்துவிடும். தட்டி முடித்ததும் டாக்டரம்மா எழுந்து வந்து, ஸ்டெதஸ்கோப்பின் தட்டை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டார். பிறகு என் இடது மார்பில் ஒரு இடத்தில் விரலால் அழுத்தினார். நான் அலறினேன்.

"கேஸ் சிலிண்டர் தூக்கினீங்களா?"

"எப்படி மேடம்..."

"அழுத்தினா வலிக்குது. இதயத்தை விரலால அழுத்த முடியாது சேகர்."

அதற்குப் பிறகும் இசிஜி எடுத்தார். தேவையில்லை என்று அவருக்கே தெரியும். ஏன் என்று கேட்டதற்கு, "நீங்க நெஞ்சுன்னு சொன்னீங்களே" என்றார்.

அந்த மனுஷியை இரண்டு வரியில் சொல்லு என்றால் இதைத்தான் சொல்வேன். நீங்கள் சொன்னதை அவர் நம்புவார். நேற்று நீங்கள் சொன்னது பொய்யாய்ப் போயிருந்தாலும் இன்றைக்குப் புதிதாக நம்புவார்.

பைபாஸ் ஓரத்தில் சில தோல் கம்பெனிகள் சேர்ந்து நடத்திய சின்ன ஆஸ்பத்திரி அது. காலையில் கீழே நோயாளிகள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாடியில் கம்ப்யூட்டர். மாடிக்குப் போகும்போது ஸ்டெதஸ்கோப்பைக் கழற்ற மறந்துவிடுவார். கீழே வரும்போது காதில் மாட்டிய ஹெட்போனைக் கழற்ற மறந்துவிடுவார். ஒருநாள் ஹெட்போனோடே ஒரு அம்மாவின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, "மூச்சு விடுங்க, சத்தமே வரலையே" என்று பதறியதை நானே பார்த்தேன். எனக்கு அவர்மேல் பாசம் வந்தது அன்றைக்குத்தான். சும்மா சும்மா பதறுகிற நம்ம ஜாதி.

மாடியில் செய்துகொண்டிருந்த வேலை இது. தோல் பதனிடுகிற ஷாப்பில், ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் உடம்புக்கு முடியாவிட்டால் ஒரு நம்பருக்கு போன் செய்யலாம். எடுப்பது மிஷின். கேள்வி கேட்கும். கேட்டுவிட்டு மூன்றில் ஒரு பதில் சொல்லும்: 'நாளைக்கு வாங்க', 'இன்னைக்கே வாங்க', 'அசையாதீங்க, வண்டி வருது'. டாக்டர் போன் என்று நாங்கள் பேர் வைத்தோம். பேய் போன் என்று மல்லிகா பேர் வைத்தாள்.

முதலில் பெங்களூரிலிருந்து ஒரு குரல் பதிவு செய்து அனுப்பினார்கள். தேன் மாதிரிக் குரல். "தங்களுக்கு மார்பு வலி உள்ளதா?" தோல் ஷாப்பில் தோல் ஊறும் டிரம் ஓட்டுகிற ஒரு பெரியவரை உட்கார வைத்துப் பரீட்சை பார்த்தார்கள். அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டே, "அதெல்லாம் இல்லீங்க" என்றார். மிஷின் 'நாளைக்கு வாங்க' என்றது. டாக்டரம்மா எழுந்து வந்து, "அப்ப கை ஏன்யா அங்க இருக்கு?" என்று கேட்டார். "வலி இல்லமா. அடைக்குது. வாய்வு."

அன்றைக்கு அவர் பெங்களூருக்குப் போட்ட போன் கீழே வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் எல்லாருக்கும் கேட்டது. கீழே பூனை மாதிரிப் பேசுகிறவர், மாடியில் புலி.

"வாய்வுன்னா கேஸ் டிரபிள்னு போட்டுட்டேன் டாக்டர்" என்று அந்தப் பக்கம் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"யாரைக் கேட்டுப் போட்டீங்க? இந்த ஊர்ல மாரடைப்பு வந்தவன் முதல்ல சொல்ற வார்த்தையே வாய்வுதான். சோடா குடிச்சிட்டுப் படுத்துப்பான். வலிக்கு இங்கிலீஷ் தெரியாது சார். அது தெருவுல என்ன பாஷை இருக்கோ அதைத்தான் பேசும்."

'அப்படி ஏன் மேடம் அந்த ஒரு வார்த்தையைப் புடிச்சினு தொங்கறீங்க' என்று பிற்பாடு ஒருநாள் கேட்டேன். ஆறிப்போன டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். "வாய்வுன்னு சொன்ன ஒருத்தருக்கு நான் வாய்வு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கேன்" என்றார். அவ்வளவுதான். நான் வாயாடி. நானே அந்த டம்ளரை வாங்கிக்கொண்டு வேறு டீ எடுத்துவரப் போனேன்.

மிஷினில் வாய்வு கேஸ் டிரபிளிலிருந்து நெஞ்சு வலிக் கணக்குக்கு மாறியது. தேன் குரல் போய், எங்கள் ஆஸ்பத்திரி ரெஜினா சிஸ்டரின் குரல் வந்தது. கேள்விகளுக்கு ஊர் வார்த்தை வேண்டும். எங்கே போவது? டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"சேகர், இந்த ஊர்லயே அதிகமான வார்த்தை உங்ககிட்டதான் இருக்கு."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அது. மாடியில் உட்கார்ந்து அள்ளிக் கொட்டினேன். சுருக்கு சுருக்குன்னுது. கரிக்குது. காந்துது. இழுத்துப் புடிக்குது. கிர்ருன்னுது. மார் மேல கல்லு வெச்ச மாதிரி இருக்குது. ஒவ்வொன்றும் நான் அனுபவித்துச் சொந்தமாக்கிக்கொண்ட சரக்கு. அவர் ஒன்றைக்கூட மாற்றாமல் தட்டிக்கொண்டே இருந்தார். இதுவரை என் பயத்தை வைத்து சிரித்தவர்கள்தான் உண்டு. வைத்துக்கொண்டு வேலை செய்தவர் அவர் ஒருவர்தான்.

ஆனால் சனியனை மடியில் கட்டிக்கொண்டதும் அவர்தான். அந்த போன் வந்த பிறகு நான் சும்மா இருப்பேனா? பேப்பரில் யாரோ நடக்கும்போதே செத்துப்போனதாகப் படிப்பேன்; அடிப்பேன் போனை. கல்யாண வீட்டில் ஜாஸ்தி சாப்பிடுவேன், அடிப்பேன். கேள்விகள் எல்லாம் நான் எழுதிக்கொடுத்தவை, பதிலும் எனக்குத் தெரியும். 'அசையாதீங்க, வண்டி வருது' என்று அது சொன்னால்தான் எனக்குப் பாதி குணமாகும். ஒருமுறை செக்கிங் டேபிளுக்கே வண்டி வந்து, லைனையே நிறுத்தி, எல்லாரும் பார்க்க என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இசிஜி சமர்த்தாக இருந்தது.

ஆம்புலன்ஸ் வண்டி ஓட்டுகிறவர் நயாஸ் பாய். "சேகர் பாய், மாச பாஸ் எடுத்துடுங்களேன்" என்பார். ஆனால் அவரால் என்னை ஒன்றும் செய்ய முடியாது. டாக்டரம்மாவின் ஏற்பாடு அப்படி. வண்டியில் இருக்கும் சின்னத் திரையில் தெருப் பேர் வரும், கதவு எண் தெருமுனைக்குப் போன பிறகுதான் வரும். ஆள் பேர் வராது, போன் நம்பர் வராது, என்ன வியாதி என்று வராது. "யாருன்னு தெரிஞ்சா மெதுவா போகத் தோணும் பாய்" என்று சொல்லிவிட்டாராம். நயாஸ் பாய்க்கு அதில் மனவருத்தம். "என்மேல நம்பிக்கை இல்லையா மேடம்?" "உங்கமேல இருக்கு. நீங்க குடிக்கிற டீ மேலதான் இல்ல."

பிறகு வந்தது அந்த மீட்டிங். திட்டத்துக்குப் பணம் போடுகிற பெங்களூர் கம்பெனியின் அதிகாரி. இஸ்திரி கலையாத சட்டை. வார்த்தை கொடுத்தவன் என்ற மரியாதையில் என்னையும் ஒரு ஓரத்தில் உட்கார வைத்திருந்தார் டாக்டரம்மா. அந்த ஆள் சுவரில் படம் போட்டார். எந்த நம்பர் கூப்பிட்டு எத்தனை தடவை வண்டி போனது என்று குட்டிக் குட்டி நீலக் கம்பங்கள். நடுவில் ஒன்று மட்டும் சிவப்பாக, கோயில் கொடிமரம் மாதிரி நின்றது.

"இது ஒரே நம்பர்" என்றார்.

எனக்கு மார்ல திக்கு திக்கு என்றது. கொடிமரம் நான்தான்.

அவர் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. சும்மா சும்மா கூப்பிடுகிற நம்பர்களை மிஷின் கண்டுபிடித்துப் பின்னால் தள்ளிவிட வேண்டும். மற்றவர்களுக்கு வண்டி போன பிறகுதான் அவர்களுக்கு. வாய்வு என்று சொன்னால் வண்டி அனுப்புவதையும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இவ்வளவு செலவில் இதை நடத்த முடியாது, மூடிவிட வேண்டியதுதான்.

நான் எழுந்து நின்றேன். "சார் சொல்றது கரெக்டு மேடம். என்னாலதான் எல்லாம் பேஜாரு. என் நம்பரை எடுத்துடுங்க. லைனை மூடிடாதீங்க."

"உட்காருங்க சேகர்" என்றார். திரும்பி அந்த அதிகாரியைப் பார்த்தார். "இவருக்கு இத்தனை தடவை ஒண்ணும் இல்ல. அடுத்த தடவையும் ஒண்ணும் இருக்காதுன்னு நான் எந்தப் புஸ்தகத்துலயும் படிக்கல. இன்னொண்ணு. ஒரு வீட்டுல ஒரு போனைத் தூக்கி நாலு பேர் பேசுவாங்க. நீங்க போனைத் தள்ளி வைக்கிறீங்க. போனுக்கு மாரடைப்பு வராது சார்."

அவர் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் வந்து முடிவு சொல்வதாகப் போனார். என்ன முடிவு சொல்வார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தேன். இனி டாக்டர் போனைத் தொடமாட்டேன். என்னை நானே நம்பாததால் செல்போனை மல்லிகாவிடம் ஒப்படைத்தேன். அவள் அதை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். "மூச்சு விடறதுக்கு மட்டும் எங்கிட்ட பர்மிஷன் கேக்க வாணாம்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மல்லிகா உட்கார்ந்தாள்.

மற்ற வீட்டில் இது செய்தியில்லை. சமையல் முடிந்து, பாத்திரம் கழுவாமல், சுவரில் சாய்ந்து அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மேலே ஃபேன் ஓடுகிறது. அவள் நெற்றியில் வேர்வை.

"இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. வாய்வு. ஒரு சோடா வாங்கினு வாங்க."

"மல்லிகா, போனை எடு."

"எனுக்கு வாய்வுன்னா உங்களுக்கு ஏன் வேர்க்குது? சத்தியம் பண்ணீங்க இல்ல?"

"சத்தியம் எனுக்குத்தான். உனுக்கு இல்ல."

"போங்க, போய் சோடா வாங்கினு வாங்க."

நான் அரிசி டப்பாவைக் கவிழ்த்தேன். அரிசி தரை முழுக்க ஓடியது. அதைப் பார்த்து அவளுக்குக் கோபம் வந்து என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். "இருங்க. உங்க மிஷினு வாயாலயே கேளுங்க. நாளைக்கு வான்னுதான் சொல்லும். அப்புறம் இந்த வாய் மூடணும்." ஸ்பீக்கரில் போட்டாள்.

ரெஜினா சிஸ்டரின் குரல் வந்தது. "இன்னா பண்ணுதுன்னு உங்க வார்த்தையிலயே சொல்லுங்க."

"வாய்வுமா. வேற ஒண்ணும் இல்ல."

"ஏப்பம் வந்தா கம்மி ஆகுதா?"

"ஆகல."

"மார் மேல கல்லு வெச்ச மாதிரி இருக்குதா?"

மல்லிகா சிரித்துவிட்டாள். "அய்ய, இது உங்க டயலாக்காச்சே!" சிரிப்பு பாதியில் நின்றது. கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனாள். "கல்லு இல்லமா," என்றாள், மெதுவாக. "ஆட்டுக்கல்லு."

"தாடை, முதுகு, தோள்பட்டை... எங்கனா இழுக்குதா?"

"தாடை. காத்தாலேந்து. பல்லுன்னு நெனச்சேன்."

"அசையாதீங்க. வண்டி வருது."

அன்று நான் செய்த வீரச் செயல்களைச் சொல்கிறேன். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். செருப்பு என்று நினைத்து ஒரு காலில் என்னுடையதும் இன்னொரு காலில் அவளுடையதும் மாட்டினேன். ஆஸ்பத்திரிக்குக் கையில் எடுத்துக்கொண்டது காலி அரிசி டப்பா. வண்டி வந்து நின்றபோது வாசலில் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன்.

நயாஸ் பாய் இறங்கி என்னைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அரே, நீங்கதானா! சரி வாங்க, படுங்க."

பழக்கதோஷம். படுத்துவிட்டேன்.

மல்லிகா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, "அவரு படுக்கட்டும் பாய். நான் முன்னாடி உக்காந்துக்கறேன்" என்றாள். நயாஸ் பாய் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிக் கீழே நிறுத்தினார். "இறங்கு யா!" அத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் என்னை மரியாதை இல்லாமல் பேசியது அந்த ஒரு தடவைதான்.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரம்மா நின்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் புடவை, கழுத்தில் ஹெட்போன். இசிஜித் தாள் மிஷினிலிருந்து வரும்போதே படித்தார். எனக்கு அந்தக் கோடுகள் தெரியாது, ஆனால் ரெஜினா சிஸ்டரின் முகம் தெரிந்தது. எல்லாம் தெரிந்த பிறகும் டாக்டரம்மா மல்லிகாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எப்படி இருக்கு? உங்க வார்த்தையில சொல்லுங்க."

"வாய்வுதான்மா" என்றாள் பிடிவாதமாக.

"சரி. வாய்வுக்கு இந்த மாத்திரையை மென்னு முழுங்குங்க." அது எந்த மாத்திரை என்று இப்போது எனக்குத் தெரியும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பது. அதற்குள் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொல்லியாகிவிட்டது. வண்டியில் அவரும் ஏறிக்கொண்டார். பைபாஸில் நயாஸ் பாய் எடுத்த வேகத்துக்கு எனக்குத்தான் முதலில் மாரடைப்பு வந்திருக்க வேண்டும். வழி முழுக்க அந்த அம்மா மல்லிகாவின் கையை விடவில்லை. என் பக்கம் திரும்பி ஒரே ஒரு தடவை, "கப்ராவா இருக்கா சேகர்?" என்று கேட்டார். கப்ரா என்ற வார்த்தையை, அன்றைக்கு லேப்டாப்பில் போட்ட கேள்விக்குறி இல்லாமல், சொல்லக் கற்றுக்கொண்டிருந்தார்.

வேலூரில் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று அங்கே ஒரு டாக்டர் ஆரம்பித்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

அடுத்த மாதம் அதிகாரி வந்தார். அதே சட்டையோ வேறு சட்டையோ, இஸ்திரி அதே. சுவரில் அதே படம், அதே சிவப்புக் கொடிமரம், இப்போது ஒரு விரல்கடை கூடுதலாக வளர்ந்திருந்தது. டாக்டரம்மா எழுந்து போய் அதன் உச்சியைத் தொட்டுக் காட்டினார். "இந்தக் கடைசித் துண்டு வெளியில பெஞ்சில உட்கார்ந்திருக்காங்க. போய்ப் பேசிட்டு வாங்க."

அவர் போனார். மல்லிகா அவருக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்கு கொடுத்தாள். திரும்பி வந்து லேப்டாப்பை மூடிவிட்டு, வாய்வு இருக்கட்டும் என்றார். நம்பரைத் தள்ளிவைக்கிற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. வண்டித் திரையில் பேர் வராத ஏற்பாடு வாணியம்பாடிக்கும் ஆலங்காயத்துக்கும் குடியாத்தத்துக்கும் போயிற்று. ஆலங்காயத்தில் வேறு வார்த்தைகள் கிடைத்தன என்று டாக்டரம்மா நகை வாங்கினவர் மாதிரி வந்து என்னிடம் காட்டினார். செக்கிங் டேபிளில் அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். கொடிமரம் நடந்து போவது போலவே இருந்ததாகச் சொன்னார்கள்.

இப்போது அவர் ஆம்பூரில் இல்லை. வடக்கே ஏதோ ஒரு மலை ஜில்லாவில், அங்கத்து ஜனங்கள் நெஞ்சு அடைப்புக்கு என்ன பேர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அங்கேயும் என்னைப் போல் ஒருவன் நிச்சயம் கிடைத்திருப்பான். அவனுக்கும் அந்தம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் தோன்றும்.

நயாஸ் பாயை முந்தாநாள் டீக்கடையில் பார்த்தேன். கண்ணாடி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். "சேகர் பாய், அன்னிக்கு உங்க பேர் மட்டும் திரையில வந்திருந்தா, இதைக் குடிச்சிட்டுத்தான் வண்டியை எடுத்திருப்பேன்" என்றார்.

நடந்தது அவ்வளவுதான். பொய்யாகவே அடித்துக்கொண்டிருந்த ஒரு போனிலிருந்து ஒருத்தி வாய்வு என்றாள். வண்டி உடனே வந்தது. மல்லிகா இருக்கிறாள்.